மனநல வார்டுக்கு முதல்முறை போகும் நர்சிங் மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். நர்சிங் பாடம் எடுக்கிறீர்கள், மனநலப் பாடம் இந்த வருடம்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் மாணவர்களுக்கு மனநல வார்டில் போஸ்டிங். நோய்கள், அறிகுறிகள், மருந்துகள் எல்லாம் வகுப்பில் முடித்துவிட்டீர்கள். ஆனாலும் "மேடம், அவங்க அடிச்சா என்ன பண்றது?" என்ற கேள்வியைத் தாண்டி அவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது என்று கேட்கிறீர்கள். நான் 11 வருடம் மனநல வார்டில் ஷிப்ட் பார்த்தவள். அதற்கப்புறம் 9 வருடமாக மாணவர்களை அதே மாதிரி வார்டுகளுக்கு அழைத்துப்போகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவர்கள் வாயில் வரும் பயம் ஒன்று, உள்ளே இருக்கும் பயம் வேறு.

போஸ்டிங்குக்கு முந்தின நாள் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்வேன்: "நாளைக்கு எது கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறீங்க?" அடிப்பார்கள், கத்துவார்கள் என்று சிலர் எழுதுவார்கள். ஆனால் சீட்டுக்குச் சீட்டு திரும்பத் திரும்ப வருவது இதுதான்: "என்ன பேசுறதுன்னு தெரியல." "நான் ஏதாவது சொல்லி அவங்களுக்கு இன்னும் மோசமாயிட்டா?" "அவங்க பாட்டுக்கு அழுதா நான் என்ன செய்யணும்?" மற்ற வார்டுகளில் இந்தப் பிரச்சினை வராது. பிபி பார்க்கலாம், டிரெஸ்ஸிங் செய்யலாம், டிரிப் மாற்றலாம். ஒரு வார்த்தை பேசாமல் ஷிப்ட் முழுக்க ஓடியாடினாலும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கலாம். மனநல வார்டில் கையில் ட்ரே கிடையாது. வெறும் கையோடு ஒருவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அந்த உட்காருவதே வேலை. அதை நாம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் முதல் நாள் பத்து பேரும் நர்ஸ் ஸ்டேஷன் ஓரத்தில் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டு கொத்தாக நிற்பார்கள்.

உட்காருவது வேலையா என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் 1952இலேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் உருவாகும் உறவுதான் நர்சிங் நடக்கும் இடம் என்பது அவருடைய வாதம். பாடப்புத்தகத்தில் அந்த உறவின் கட்டங்களை மனப்பாடம் செய்ய வைத்து, ஐந்து மார்க் கேள்வியாக முடித்துவிடுகிறோம். அதை ஒரு முறையாவது வகுப்பில் செய்து பார்க்க வைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

முதலில் அடி பற்றிய கேள்வியை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்லாமல் மற்ற எதையும் அவர்கள் காதில் வாங்கமாட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை என்பது உண்மை. அடி வாங்கும் பக்கத்தில்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தீவிர நிலையில் அனுமதிக்கப்படும் வார்டுகளில் கைகலப்பு நடக்கத்தான் செய்கிறது. அதை மறைத்தால் முதல் சம்பவத்திலேயே உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அதற்குப் பதிலாகக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்கு மாற்றுங்கள். தொங்கும் காதணி வேண்டாம், முடியைக் கொண்டை போடுங்கள். ஒருவரிடம் பேசும்போது கை எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் வெளியே, நேருக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்வாக நில்லுங்கள். உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் அவர் இருக்கும்படி மூலையில் சிக்கிக்கொள்ளாதீர்கள், அவர் வெளியே போகும் வழியையும் மறிக்காதீர்கள். குரல் உயர்கிறது, நடை வேகமாகிறது, கை முஷ்டியாகிறது என்றால் வீரம் காட்டாமல் விலகிவந்து ஊழியர்களிடம் சொல்லுங்கள். யாரையாவது பிடித்துக் கட்டும் நிலை வந்தால் மாணவர்கள் அதில் கை வைக்கக்கூடாது. இதை வார்டு பொறுப்பாளரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

அப்புறம், மோதல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் காட்டுங்கள். நான் பார்த்தவற்றில் கணிசமானவை ஒரு "முடியாது"வில் தொடங்கியவை. வீட்டுக்குப் போன் பண்ணணும், வெளியே போகணும், இந்த மாத்திரை வேண்டாம் என்று அவர் கேட்பார். நாம் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "அதெல்லாம் இப்ப முடியாது" என்போம். இங்கிலாந்தில் லென் பவர்ஸ் தலைமையில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்து, 2015இல் வெளியான சேஃப்வார்ட்ஸ் ஆய்வு இதைத்தான் தொட்டது. மறுப்பை மென்மையாகச் சொல்வது, கெட்ட செய்தி வரப்போகிறது என்றால் அவரை முன்னதாகவே கவனிப்பது, ஊழியர்களும் நோயாளிகளும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொஞ்சம் தெரிந்துகொள்வது என்று பத்துச் சின்ன விஷயங்களை அங்கே செய்து பார்த்தார்கள். மோதல் 15 சதவீதமும், தனியறையில் அடைப்பது, பிடித்து வைப்பது போன்ற கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26 சதவீதமும் குறைந்தன. அந்தக் கணக்கை எழுதியவர்கள் வார்டு ஊழியர்களே என்பதால் எண்ணை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. "முடியாது" என்று சொல்வதை மட்டும் ஒரு மணி நேரம் ஜோடி ஜோடியாக நடித்துப் பழக வையுங்கள். நோயாளியாக நடிப்பவர் அந்தச் சொல் காதில் விழுந்ததும் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்லட்டும். நான் பாடம் நடத்திச் சொல்வதைவிட அது அழுத்தமாகப் பதிகிறது.

இனி பேச்சு. வகுப்பில் இரண்டு நாற்காலி போட்டு, இருவரை உட்கார வைத்து, மூன்று நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் சிரிப்பு வரும். இரண்டாவது நிமிடத்தில் நெளிவார்கள். மூன்றாவதில்தான் எதிரே இருப்பவரின் மூச்சு, கை, பார்வை கண்ணில் படும். மனச்சோர்வு கடுமையாக இருப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம்கூட எடுப்பார். அந்த அரை நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் நாம் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம், அவர் முதல் பதிலையும் விழுங்கிவிடுகிறார்.

காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்று உங்கள் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். "அப்படி எதுவும் இல்ல, உங்க பிரமை" என்று வாதாடக்கூடாது. ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்கு அது கேட்கல. ஆனா உங்களுக்குக் கேட்குதுன்னு புரியுது. என்ன சொல்லுது?" என்று கேட்கலாம். அடுத்த கேள்வியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்: "ஏதாவது செய்யச் சொல்லுதா? அதைச் செய்யணும்னு உங்களுக்குத் தோணுதா?" தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால் அந்த நிமிடமே பொறுப்பு நர்ஸிடம் போக வேண்டும். "யாருக்கும் சொல்லாதே" என்று அவர் கேட்டுக்கொண்டாலும் போக வேண்டும். அந்த ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது என்பதை மாணவர் முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இடையில் சொன்னால் துரோகம் மாதிரி ஆகிவிடும்.

நோயாளியோடு பேசியதை மாணவர் அப்படியே எழுதிவைக்கும் பிராசஸ் ரெக்கார்டிங்கை இன்னும் நிறைய இடங்களில் நோட்டு நிரப்பும் சடங்காகத்தான் செய்கிறார்கள். நோயாளி சொன்னது, நான் சொன்னது, என் மனதில் ஓடியது என்று மூன்று பத்தி இருக்கும். மூன்றாவது பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு மாணவியின் நோட்டில் இப்படி இருந்தது. நோயாளி: "எங்க அம்மா செத்தப்ப நான் இங்கதான் இருந்தேன்." மாணவி: "சாப்பிட்டீங்களா?" மூன்றாவது பத்தி காலி. நான் எதுவும் திருத்தவில்லை. இந்தக் காலி இடத்தில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அழுகை வந்துடும்னு பயந்தேன் மேடம்" என்றாள். அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இருவரும் பேசிப் பார்த்தோம். "போக முடியலையா?" என்று கேட்டிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் அவளே போய், "நேத்து உங்க அம்மாவைப் பத்திச் சொன்னீங்க, நான் பேச்சை மாத்திட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் "பரவால்லம்மா" என்றுவிட்டுப் படுக்கை விரிப்பை மடிக்க ஆரம்பித்திருக்கிறார். இவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைய நோட்டில் அந்த மூன்றாவது பத்தி முக்கால் பக்கம் இருந்தது.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் மாணவர்களுக்கு மட்டுமில்லை, அனுபவமுள்ள நர்ஸ்களுக்கும் இருக்கிறது. இது பற்றி நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே பதிலைத்தான் தந்திருக்கின்றன: கேட்பதால் எண்ணம் உருவாவதில்லை. அதனால் கேட்கக் கற்றுக்கொடுங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள். "செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்ற வாக்கியம் பலருக்கு வகுப்பிலேயே வாயில் வராது. "தப்பான எண்ணம் ஏதாவது வருதா?" என்று சுற்றி வளைத்தால், அது தப்பு என்று நாமே தீர்ப்பு சொல்லிவிட்டோம், அப்புறம் யார் ஆமாம் என்பார்கள்? வருகிறது என்று சொன்னால் எப்படி, எப்போது, கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டு, அவரைத் தனியாக விடாமல் தகவல் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிப் போன முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வார்டை விட்டுப் போய்விட்டால் ஆபத்து முடிந்தது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணக்கிடும் படிவங்களை இதற்கு நம்பாதீர்கள். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க அந்த அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. "நான் எதுவும் பண்ணிக்கமாட்டேன்" என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கும் பலன் இருப்பதாகச் சான்று இல்லை.

பேச்சு பேச்சு என்று சொல்லிக்கொண்டே உடம்பை மறந்துவிடக்கூடாது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மரணங்களில் பெரும்பகுதி இதயநோய் போன்ற உடல்நோய்களால் வருவது. நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால் "அவர் எப்பவும் இப்படித்தான்" என்ற பதில் இந்த வார்டில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை மாணவர்கள் பார்ப்பார்கள். அவர்களிடம் பிபி கருவி இருக்கிறது, எடுத்துப் பார்க்கட்டும்.

என் ஆரம்ப வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு டியூட்டி. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து ஆரம்பித்து நாலு நாள் ஆன ஓர் இளைஞர் வராந்தாவில் போவார், வருவார், உட்காருவார், எழுந்துவிடுவார். படபடப்பாக இருக்கிறார் என்று எழுதி டாக்டரிடம் சொன்னேன், இன்னொரு டோஸ் போடச் சொன்னார், போட்டேன். விடியும்வரை அவர் நடந்துகொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர். காலையில் வந்த சீனியர் நர்ஸ் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உட்காரப் பிடிக்கலையா, உட்கார முடியலையா?" "கால் விடமாட்டேங்குது சிஸ்டர்" என்றார் அவர். அது அகதீசியா. அந்த மருந்தே கொடுக்கும் துன்பம் அது, தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்தும் வரக்கூடியது. நான் அதே மருந்தை மேலே மேலே ஊற்றியிருந்தேன். அந்தக் கேள்வியை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

மருந்துப் பட்டியலை முழுதாக ஒப்பிக்க வைப்பதைவிட, ஷிப்டில் ஒரு மாணவர் கண்ணில் படக்கூடிய நாலைந்து ஆபத்துகளை ஆழமாகச் சொல்லிக்கொடுங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு இழுத்துக்கொண்டால் அது நடிப்பில்லை, டிஸ்டோனியா. அதற்கான ஊசி போட்டால் சில நிமிடங்களில் விட்டுப்போகும். இதே மருந்துகள் எடுப்பவருக்குக் காய்ச்சல், உடல் விறைப்பு, வியர்வை, குழப்பம் நான்கும் சேர்ந்தால் உயிராபத்து, உடனே டாக்டர் வர வேண்டும். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, பெரிய நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் அடுத்த டோஸைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். ரத்த அளவு பார்க்கக் கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், அது லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். குளோசாபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே குளோசாபின் கொடுக்கும் மலச்சிக்கல் குடலை அடைத்துக் கொல்லக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் வார்டுக்கு வந்து திடீரென நிறுத்தினால், மருந்தின் அளவை மாற்றாமலே ரத்தத்தில் குளோசாபின் ஏறிவிடும். "மலம் கழிச்சீங்களா?" என்று கேட்கும் மாணவர் அங்கே உண்மையிலேயே ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. இனி சொல்வது அப்படியில்லை. ஹெட்போனில் குரல்களை ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே மாணவர்களை ஏதாவது வேலை செய்யச் சொல்லும் பயிற்சி பல இடங்களில் பிரபலம். அது இரக்கத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதே பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளிடமிருந்து விலகியிருக்கும் விருப்பமும் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயமுறுத்தும் அனுபவத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டால் அது நடக்கத்தானே செய்யும்? நான் அதைச் செய்தால், குரல் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வரும் ஒருவரை அன்றே வகுப்பில் பேசவைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் செய்வேன். நோயை அனுபவித்தவர்களே பாடம் எடுப்பது பற்றி ஆஸ்திரேலியாவில் பிரெண்டா ஹாப்பெல் போன்றவர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவர்களின் மனப்பான்மை மாறுவது தெரிகிறது, சில வருடம் கழித்து வார்டில் அவர்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறதா என்பதற்குச் சான்று மெலிதுதான். இருந்தாலும் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதை இவர்களுக்கே கொடுப்பேன். வந்து பேசுபவருக்கு முறையாகப் பணம் கொடுங்கள், எதைச் சொல்லவேண்டாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

தினமும் வார்டு முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் வையுங்கள். நான் இதில் சமரசம் செய்வதே இல்லை. மாணவர்கள் நம் பாடத்தைவிட நர்ஸ் ஸ்டேஷனில் காதில் விழும் பேச்சிலிருந்துதான் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். "அந்தப் பைத்தியம் திரும்ப வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருப்பார்கள், அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். இன்னொன்று: உங்கள் வகுப்பிலேயே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் மாணவர் இருக்கலாம், வீட்டில் இதே நோயோடு ஒருவர் இருக்கலாம். போஸ்டிங்குக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக, "யாருக்காவது இது தனிப்பட்ட முறையில் கஷ்டமா இருந்தா தனியா வந்து சொல்லுங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல, வார்டை மாத்திக்கலாம்" என்று அறிவித்துவிடுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

என் அனுபவம் பெரியவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வார்டு. குழந்தைகள் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ வீடுகளுக்குச் சென்று பார்க்கும் பணிக்கோ உங்கள் மாணவர்கள் போகிறார்கள் என்றால், அங்கே வேலை பார்த்தவர் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள். அடி பற்றியும் கதவு பற்றியும் நான் சொன்னது ஒரு வீட்டு வாசலில் அப்படியே பொருந்தாது.

ஒன்று விட்டுப்போயிற்று. கடைசி நாள். மாணவர்கள் மூன்று வாரம் ஒருவரோடு தினமும் பேசிவிட்டு, போஸ்டிங் முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அடுத்த வாரம் நான் வேறு பேட்சோடு போனால், "அந்தச் சின்னப் பொண்ணு ஏன் வரல, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று நோயாளிகள் கேட்பார்கள். ஏற்கெனவே பலர் விட்டுப்போனவர்களிடம் நாமும் அதையே செய்கிறோம். அதனால் முதல் நாள் அறிமுகத்திலேயே தேதியைச் சொல்ல வையுங்கள்: "நான் இன்ன தேதி வரைக்கும்தான் வருவேன்." பாதியில் ஒரு முறை ஞாபகப்படுத்தட்டும். கடைசி நாளில் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். போன் நம்பர் கொடுக்கக்கூடாது, வந்து பார்க்கிறேன் என்று பொய் சொல்லக்கூடாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும்.